இழை எடுத்த இரவுக்கு எந்தப் படம்?

கார்த்திகை தீபம் கழிந்து 21-ஆம் நாள் நகரத்தார்களான எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு. பல வருஷமாக அவரவர் இருக்கிற ஊரிலேயே இழை எடுத்துக்கொண்டிருந்தோம். சென்னையில் இருப்பவர்கள் மண்டபத்தில் கூடுவார்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். இந்த வருஷம் ஏழு புள்ளியும், அதாவது ஏழு குடும்பமும், பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கே வருவதாக முடிவாகியிருக்கிறது. பிள்ளைகுட்டிகளோடு எண்ணினால் 34 பேர்.

பெரியவர்கள் கையால் மாவிளக்கு இழையை வாங்கிச் சுடரோடு வாயில் போட்டு முடிக்க ஏழு மணி ஆகும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. போன வாரம் அப்பத்தா என்னிடம் சொன்னார்கள்: "எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு தூணுல சாஞ்சிரும். ஒரு படம் போட்டு விடப்பா. ஒண்ணா உட்காந்து பார்ப்போம்." வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, நான் காரைக்குடியிலேயே வேலை பார்க்கிறேன். ஆகவே படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

நான் சினிமா படித்தவன் இல்லை. வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு வீட்டில் படம் பார்க்கிறவன். ஆனால் 34 பேர் ஒரே வளவில், வீட்டு நடுமுற்றத்தில், கூடுவது இனி எப்போது வாய்க்கும் என்று தெரியாது என்பதால், இந்த ஒரு மாதமாக நான்கு படங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான்கும் இந்த மண்ணோடு ஏதோ ஒரு விதத்தில் சொந்தம் உள்ளவை. ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்களோடு பார்த்தேன், வேண்டுமென்றேதான். தியேட்டரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. வீட்டில் தெரியும். அவருக்கு எந்தக் காட்சியில் மனசு நோகும், எதற்குச் சிரிப்பார், எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார் என்பதெல்லாம் தெரியும். அதனால் படம் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், ஜமுக்காளத்தில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

படத்துக்குப் போவதற்கு முன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். முகப்பில் போட்டால் கொசு. டிவி இருக்கும் அறையில் எட்டுப் பேருக்கு மேல் உட்கார முடியாது. மிச்சம் இருப்பது வளவுதான். நடுவில் வானம் பார்த்த வாசல், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், அகலமான பத்தி. எங்கள் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசியது. நூறு வருஷத்துக்குப் பிறகும் கை வைத்தால் வழுக்கும். புரொஜெக்டரை அதில் நேரே அடித்துப் பார்த்தேன், படத்தின் நடுவில் விளக்கு ஒன்று எரிகிற மாதிரி வெளிச்சம் கண்ணில் அடித்தது. எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, கீழ்விளிம்பில் ஒரு மூங்கில் கழியைக் கோத்து இரண்டு தூணுக்கு நடுவில் கட்டியதும் சரியாகிவிட்டது.

சத்தம்தான் பெரிய பாடு. ஆத்தங்குடித் தரை, உயரமான மச்சு, மரக்கதவுகள். ஒருவர் இருமினால் அடுத்த கட்டுக்குக் கேட்கிற வீடு இது. ஸ்பீக்கரில் பேச்சு கிளம்பினால் ஒரு சொல் சுவரில் முட்டித் திரும்புவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது. தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, ஓரமாக மெத்தைகளைச் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பாதிக்கு மேல் சரியானது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இந்த எதிரொலி ஒரு படத்தை ஏறக்குறைய தள்ளுபடி செய்துவிட்டது.

அந்தப் படம் 'நாம் இருவர்'. மனசுக்கு முதலில் வந்ததும் அதுதான். 1947 பொங்கலுக்கு வந்த படம், எடுக்கப்பட்டது இங்கேதான். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் யுத்த காலத்தில் சென்னையை விட்டு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை எடுத்துக் கூரைக் குடிசைகளும் போட்டு ஸ்டூடியோ ஆக்கினார். இன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? டி.ஆர். மகாலிங்கம் கதாநாயகன். வி.கே. ராமசாமிக்கு இதுதான் முதல் படம். இருபதை ஒட்டிய வயதில் கிழவர் வேஷம், அவர் நடந்து வருவதைப் பார்த்தால் நம்பவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே பாரதியார் பாட்டுகள். டி.கே. பட்டம்மாள் பாட, குழந்தை கமலா ஆடுகிற 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே, சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று கொட்டகை கொட்டகையாக ஒலித்த பாட்டு அது.

பாரதி 1919-இல் காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தைப் பாடினார். கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் அவரைத் தாங்கினார். அவருடைய பாட்டு 28 வருஷம் கழித்து இதே சீமையிலிருந்து படமாகிப் போயிருக்கிறது. அந்தப் பாட்டுகளின் உரிமை மெய்யப்பச் செட்டியாரிடம்தான் இருந்தது. பிறகு அரசாங்கம் கேட்டபோது காசு வாங்காமல் கொடுத்தார். இதைப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

அப்பத்தாவுக்கு வயது 86. அவர்களையும் என் மகனையும் வைத்து இந்தப் படத்தைப் போட்டேன். பள்ளு ஆரம்பித்ததும் அப்பத்தாவின் வலது கை தானாக மடியில் தாளம் போட்டது. அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டுக்குக் கோலாட்டம் அடித்தார்களாம். கோலை எந்தப் பக்கம் தட்டித் திரும்ப வேண்டும் என்று உட்கார்ந்தபடியே என் மகனுக்குக் காட்டினார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பாட்டு முடிந்து பேச்சு தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. நாடகமாக இருந்து படமான கதை, வசனமும் நாடக மேடை வேகத்திலேயே ஓடுகிறது. எனக்குக் கிடைத்த பிரதி தேய்ந்து போனது. வளவின் எதிரொலியோடு சேர்ந்தபோது பத்து வாக்கியத்தில் மூன்றுதான் காதில் விழுந்தது. அரை மணி நேரத்தில் என் மகன் தூணைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். அப்பத்தாவே, "பாட்டை மட்டும் இன்னொருக்கா போடப்பா" என்றார்கள். நம் ஊரில் எடுத்த படம் என்ற பெருமை இரண்டரை மணி நேரம் தாங்காது என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை அதுதான்.

இரண்டாவது 'சிவகங்கைச் சீமை', 1959. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் தன் கைக்காசைப் போட்டு எடுத்த படம். கே. சங்கர் இயக்கம், எஸ்.எஸ். ராஜேந்திரன் நடிப்பு, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. மருது சகோதரர்கள் கதை. 1801 அக்டோபர் 24-ஆம் தேதி அவர்களைத் தூக்கில் போட்டது பக்கத்தில் திருப்பத்தூரில். கதை நடக்கிற காளையார்கோவிலுக்கு நாங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போகிறோம். அதே வருஷம் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கலரிலும் சிவாஜியின் குரலிலும் ஊரையே அள்ளிக்கொண்டு போனதால் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அமுங்கிவிட்டது. என்னைக் கேட்டால், இதில் கண்ணதாசனின் வசனம் அதைவிட நெருக்கமாக இருக்கிறது. அரசர்கள் மேடையில் நின்று முழங்குவது குறைவு, வீட்டுக்குள் பேசிக்கொள்வது அதிகம். 'தென்றல் வந்து வீசாதோ' தாலாட்டு மாதிரி ஒரு பாட்டைத் தூங்கப் போகும் நேரத்தில் கேட்டால் அன்றைக்குத் தூக்கமே வேறு.

இதைத் தனியாகப் பார்த்தேன், இரண்டு இரவாகப் பிரித்து. அப்படிப் பார்க்க வேண்டிய படம்தான். நோன்பு இரவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று, முடிவு தூக்குக் கயிறு. பிள்ளையாருக்கு ஆவாரம்பூ சாத்தி, மாவிளக்கு ஏற்றி, "அடுத்த வருஷமும் எல்லாரும் கூடணும்" என்று வேண்டிக்கொண்ட கையோடு அந்தக் காட்சியைப் பார்க்க எங்கள் வீட்டுப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மறுநாள் காரில் பிள்ளைகளைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போய் மருது பாண்டியர் நினைவிடத்தைக் காட்டிவிட்டு வந்து, மத்தியானம் இந்தப் படத்தைப் போட்டால் அது வேறு மாதிரி இறங்கும். வயதுவந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்யப் போகிறேன்.

மூன்றாவது படம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'ஆறிலிருந்து அறுபது வரை', 1979. இயக்கிய எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர். எழுதிய பஞ்சு அருணாசலம் சிறுகூடல்பட்டி, கண்ணதாசனின் அண்ணன் மகன். இளையராஜா இசை. படமாகப் பார்த்தால் இந்த நான்கில் எனக்கு முதலாவது இதுதான். ரஜினிகாந்த் சண்டை போடாமல், சிகரெட்டைத் தூக்கிப் போடாமல், சந்தானம் என்ற மூத்த அண்ணனாகவே இருக்கிறார். சின்ன வயதில் அப்பா போய்விட, அச்சகத்தில் வேலை பார்த்துத் தம்பி தங்கைகளைப் படிக்க வைக்கிறார். அவர்கள் மேலே ஏறியதும் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 'கண்மணியே காதல் என்பது' பாட்டில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் மூச்சு வாங்காமல் ஓடுகிற இடம் வரும். அந்த ஓட்டம்தான் அவர் வாழ்க்கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச சந்தோஷம் என்பது படம் முடிந்த பிறகுதான் உறைக்கிறது.

எங்கள் பெரியப்பச்சி, அதாவது அப்பாவின் அண்ணன், 17 வயதில் தேனிப் பக்கம் ஓர் அடகுக்கடைக்குக் கணக்கு எழுதப் போனவர்கள். என் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் அத்தைமார்களும் படித்ததும் கல்யாணமானதும் அந்தச் சம்பளத்தில்தான். மாதாமாதம் அனுப்பிய மணியார்டர் ரசீதுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கம்பி இன்னும் இரண்டாம் கட்டு அறையில் தொங்குகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பச்சியின் அறையில் அவர்களோடு நானும் என் மனைவியும் இந்தப் படத்தைப் பார்த்தோம். தம்பி வீட்டுக்கு அண்ணன் போய் நிற்கிற காட்சி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்கள். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்கள். காட்சி முடிந்த பிறகுதான் மாட்டிக்கொண்டார்கள். படம் முடிந்ததும் என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். "நம்ம வீட்டுப் பிள்ளைக அப்படியில்லப்பா," என்றார்கள். நாங்கள் ஆமாம் என்றோம். காப்பி குடித்தபடியே மறுபடி அதையே சொன்னார்கள். இருட்டிய பிறகு நான் கிளம்பும்போது திண்ணை வரை வந்து மூன்றாம் தடவையாகச் சொன்னார்கள்.

இந்தப் படத்தை 34 பேர் நடுவில் போடலாமா? மேற்குப் பக்கத்து மச்சு ஒழுகுகிறது. ஓடுகளை மாற்ற எந்தப் புள்ளி எவ்வளவு தருவது என்பதில் ஒரு வருஷமாக மனஸ்தாபம் இருக்கிறது. இரண்டு பங்காளிகள் நேரில் பேசியே எட்டு மாதமாகிறது. அந்த வளவில், பெரியப்பச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நன்றி மறந்த தம்பிகளைத் திரையில் காட்டினால் யாருக்காகப் போட்டேன் என்றுதான் கேட்பார்கள். சிலர் எழுந்து போவார்கள். அதைவிட மோசம், எல்லோருடைய கண்ணும் பெரியப்பச்சி பக்கம் திரும்பும். வாழ்நாள் முழுக்க இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்களை அப்படி நடுவில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல படம் என்பதாலேயே இது கூட்டத்துக்கு ஆகாது. இரண்டு மூன்று பேராக, கதவைச் சாத்திக்கொண்டு, உங்களை வளர்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 2000. ராஜீவ் மேனன் இயக்கம், ஏ.ஆர். ரகுமான் இசை. கதை, ஜேன் ஆஸ்டின் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1811-இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. ஆனால் காரைக்குடிப் பக்கத்து வீட்டில் எடுத்ததால் அது நம் வீட்டுக் கதை ஆகிவிட்டது. தாத்தா எழுதி வைத்த உயிலால் பெரிய வீடு கைவிட்டுப் போய், தாயும் மூன்று மகள்களும் சென்னைக்குப் போகிறார்கள்.

இதைச் சிங்கப்பூரிலிருந்து முன்கூட்டியே வந்துவிட்ட தம்பி மகள், என் மனைவி, என்னைப் பெற்ற ஆத்தா மூவரோடும் பார்த்தேன். நடுவில் பதினொரு தடவை நிறுத்தினோம். முதல் பத்து நிமிஷத்திலேயே ஆத்தா, "நிப்பாட்டு, நிப்பாட்டு, அந்த நிலையைப் பார்ப்போம்" என்றார்கள். நிலைக்கு மேலே இருந்த கஜலட்சுமியையும் எங்கள் வாசல் நிலையில் இருப்பதையும் ஒப்பிட்டு ஐந்து நிமிஷம். ஆச்சி மனோரமா வந்ததும், அவர்கள் பள்ளத்தூரில் வளர்ந்தது, இங்கே நாடகம் போட்டது என்று இன்னொரு ஐந்து நிமிஷம். அப்பாஸ் நடத்துகிற நிதி நிறுவனம் கவிழ்கிற இடத்தில் ஆத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இம்புட்டு வட்டி தர்றேன்னு ஒருத்தன் சொன்னா, முதலு எங்கேருந்து வரும்னு கேக்க வேண்டாமா?" லேவாதேவி செய்த குடும்பத்துப் பெண் அப்படித்தான் கேட்பார்கள். தமிழ் படிக்கத் தெரியாத அந்தச் சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு இது எல்லாமே புதிது. வட்டிக் கணக்கைப் பற்றி ஆத்தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் படம் உடையவில்லை. அதுதான் இதன் பலம். ரவி கே. சந்திரனின் கேமராவில் வீடு வீடாகவே இருக்கிறது. பாட்டுகள் நடுநடுவே வந்து கலைந்த கூட்டத்தைத் திரும்ப உட்கார வைக்கின்றன. பேச்சும் இன்றைய ஒலிப்பதிவு, எங்கள் எதிரொலியைத் தாங்குகிறது. குறை இல்லாமல் இல்லை. எகிப்துப் பாலைவனத்துப் பாட்டு கதைக்கு வெளியே நிற்கிறது. தபு, அஜித் இருவரின் கதை இரண்டாம் பாதியில் இழுக்கிறது. மம்மூட்டியும் ஐஸ்வர்யா ராயும் வருகிற இடங்களில் இருக்கிற நிதானம் அங்கே இல்லை.

இதிலும் சொத்துத் தகராறு இருக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் இங்கே நாங்கள் யாரும் குற்றவாளிக் கூண்டில் இல்லை. வீட்டை இழக்கிற அந்தத் தாயின் பக்கம் ஏழு புள்ளியும் ஒன்றாக நிற்கலாம். வேறொரு பேச்சு கிளம்பும், அதை நான் தடுக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. எங்கள் வளவில் பெண்களுக்கு இன்னும் ஓர் அறைகூட இல்லை. பிறந்த வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி பெட்டியை யாருடைய அறையிலாவது வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சின்ன அத்தை இந்தப் படத்தைப் பார்த்தால் பேசாமல் இருக்க மாட்டார்கள். பேசட்டும். மச்சு ஓட்டுக்குப் பணம் கேட்டால் அத்தைமார்களும் தருவார்கள், அறையும் கேட்பார்கள். அந்தப் பேச்சு இந்த வீட்டுக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

ஆகவே இழை இரவுக்குக் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. ஆனால் அதற்கு முன்னால், 'நாம் இருவர்' படத்திலிருந்து அந்தப் பள்ளு மட்டும். 2000-இல் வந்த படத்திலும் ஹரிஹரன் பாடுகிற 'சுட்டும் விழிச்சுடர்தான்' பாரதி பாட்டுத்தானே. ஒரே ராத்திரியில் இரண்டு பாரதி பாட்டு, நடுவில் 53 வருஷம். இரண்டும் நம் மண்ணில் பிடித்த படங்களில். இதைச் சொல்லி ஆரம்பிப்பேன், மற்றபடி பேச்சு இல்லை.

ஏழரைக்குப் பள்ளு. அது முடிந்ததும் படம், எட்டே முக்காலுக்கு இடைவேளை விட்டு இரண்டாம் பந்தி வரை சாப்பாடு, மிச்சம் பத்து மணிக்கு. சீப்புச் சீடையும் தேன்குழலும் தூக்குவாளிகளில் நான்கு மூலையிலும் இருக்கும், யாரும் எழுந்து போக வேண்டாம். போன தடவை வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் பாதியில் அணைந்துபோய் இருபது பேர் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அதனால் இந்த முறை சித்தப்பா மகனுடைய சொந்தப் புரொஜெக்டர், கூட ஒரு யூபிஎஸ். படம் பென் டிரைவில் இரண்டு பிரதி, நம் ஊர் நெட்டை நம்பி உட்கார முடியாது.

அப்பத்தாவின் நாற்காலியைத் திரைக்கு வலது பக்கம், மூன்றாவது தூணை ஒட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் ஸ்பீக்கர். கொல்லைப்புறத்தில் தேடியதில் பழைய கோலாட்டக் குச்சி எட்டு கிடைத்தது. சாயம் போயிருக்கிறது, விரிசல் இல்லை. சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குச் சரியாக இருக்கும்.